திங்கள்கிழமைத் தேதியில் நின்ற மலை

எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை. தறி ஓடும்போது அதன் முன்னால் நின்று நன்றாகவே பேசுவேன், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம்தான். பத்தாவது முடித்த கையோடு நகரியில் ஒரு பவர்லூம் கொட்டகைக்குள் போனேன். இப்போது நாற்பத்தேழு வயது. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் முடிந்தபோது எனக்கு முப்பத்தெட்டு. அதற்கப்புறம் யாரும் என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. வீட்டில் அப்பாவும் நானும்தான். நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

கொட்டகையில் என் வேலை டிசைன் ஏற்றுவது. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் பென்டிரைவைச் செருகி, எந்தப் புடவைக்கு எந்தக் கரை, எந்த முந்தானை என்று சரிபார்த்து ஓட விட வேண்டும். டிசைன்களை வரைவது திருப்பதியில், எங்கள் முதலாளியின் ஆபீசில். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வரைகிறவர் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிற ஒரு பெண்மணி. கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது, அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்று கொட்டகையில் பேசிக்கொள்வார்கள். இரண்டு முறை தறியைப் பார்க்க வந்திருக்கிறார். இரண்டு முறையும் நான் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏதோ ரிப்பேர் பார்ப்பவன்போல் இருந்தேன்.

திருப்பதி ஆபீசுக்கும் எங்கள் கொட்டகைக்கும் நடுவே கம்ப்யூட்டரில் பொதுவான ஒரு சேமிப்பிடம் இருந்தது. கிட்டங்கி என்போம். சித்தூரில் இருந்து ஸ்கூட்டரில் வரும் ஒரு கம்ப்யூட்டர்காரர் அதை அமைத்துக் கொடுத்தார். டிசைனைத் திருத்திச் சேமித்தால் பழையது அழியாது. பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும். போன வருஷத்துக் கரை வேண்டுமென்றால் அது அப்படியே வரும். எதையும் மாற்றாமல் ஒரு டிசைனை மறுபடி சேமித்தால், கிட்டங்கி இரண்டாவது பிரதி எடுக்காது. இது ஏற்கெனவே இருக்கிறது என்று கண்டுகொண்டு, இருக்கிற பிரதிக்கு அன்றைய தேதியை மட்டும் போடும்.

ஆர்டர் நம்பர் உள்ள டிசைன்கள் என்றைக்கும் இருக்கும். நம்பர் இல்லாதவை ‘சேராதவை’ என்று ஒரு பட்டியலில் தனியாகக் கிடக்கும். திங்கள்தோறும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே அந்தப் பட்டியலைப் பெருக்கித் தள்ளும். தேதி போட்டுப் பதினான்கு நாள் ஆகியிருந்தால் அந்த டிசைன் போய்விடும்.

“யாரானா தொட்டுக்கினே இருந்தா அது உயிரோட இருக்கும்ணா,” என்று சித்தூர்க்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். “ரெண்டு வாரம் யாரும் தொடலன்னா குப்பை. அந்தே, அவ்ளோதான்.”

நானும் அந்தப் பெண்மணியும் பேசிக்கொண்டதெல்லாம் கிட்டங்கியில் இருந்த குறிப்புக் கட்டத்தில்தான். ‘ஓரத்தில் மூன்று இழை குறைக்கவும்’ என்று நான் எழுதுவேன். ‘சரி’ என்று அவர் எழுதுவார். ஒரு தடவை, ஒரு மாங்காய்க் கரையில் மாங்காயின் நுனி தட்டையாக விழுந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ‘உங்கள் ரயில் நகரி தாண்டும்போது மலையின் மூக்கு தெரியுமே, அந்த வளைவு வேண்டும்’ என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு நாள் முழுவதும் வெட்கமாக இருந்தது. அழிக்கவும் முடியாது. எழுதின குறிப்பை அழிக்கக் கிட்டங்கி விடாது.

மறுநாள் மாங்காய் சரியாகி வந்தது. சேராதவைப் பட்டியலில் புதிதாக ஒன்றும் இருந்தது. திறந்து பார்த்தேன். நகரி மலை. அதே மூக்கு, வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிற முகம்போல, கரை நெடுக வரிசையாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மூக்குக்கு மேலும் மூன்று இழையில் ஒரு சின்ன மேகம். ஆர்டர் நம்பர் இல்லை. குறிப்பும் இல்லை.

நான் என்ன எழுதுவது? ஒன்றும் எழுதவில்லை. தினமும் ஒரு தடவை திறந்து பார்த்து மூடினேன். திறந்து பார்த்தால் மட்டும் தேதி மாறாது என்பது பதினான்கு நாள் முடிந்த திங்கள்கிழமை காலைதான் உறைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மலை போய்விடும். ஒன்றையும் மாற்றாமல் அப்படியே சேமித்தேன். தேதி அன்றைய தேதி ஆனது. இனி இரண்டு வாரத்துக்குப் பயமில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் பார்த்தால், தேதி வியாழக்கிழமைக்கு ஏறியிருந்தது.

கிட்டங்கியில் சேமிக்கும் உரிமை இரண்டு பேருக்குத்தான். முதலாளிகூட அதில் பார்க்கத்தான் முடியும். நான் சேமிக்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பெண்மணிதான். பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியாது. பக்கத்துத் தறியில் நூல் அறுந்து, “அண்ணே, இன்னா சாமி வந்திருச்சா?” என்று தறி ஓட்டுகிற அக்கா கத்தினபோதுதான் நகர்ந்தேன். என்னைவிட மூத்தவர்தான், ஆனால் எல்லோரையும் அண்ணே என்றே கூப்பிடுவார்.

அதிலிருந்து திங்கள் என்னுடையது, வியாழன் அவருடையது. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. குறிப்புக் கட்டத்தில் பழையபடியே மூன்று இழை, நான்கு இழை, சரி, சரி. ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைக்கு யாரோ கூப்பிட்டுப் பேசினமாதிரி இருக்கும். ஏழெட்டு மாதம் அப்படிப் போயிற்று. ஒரு ஆர்டர் நம்பர் போட்டுவிட்டால் மலையை என்றைக்குமாகக் காப்பாற்றியிருக்கலாம். ஆர்டர் என்றால் வாடிக்கையாளர் பெயர் வேண்டும், நிறம் வேண்டும். யார் கேட்டார்கள் என்று முதலாளி கேட்டால் என்ன சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூர்க்காரர் திருப்பதிக்குப் போய்க் கிட்டங்கிக்குப் புது ப்ரோகிராம் போட்டார். இனிமேல் சேமிப்பது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு அனுப்பினார். உண்மைதான். மறுநாள் திங்கள், நான் மலையைச் சேமித்தேன். வேகமாக முடிந்தது. தேதி திங்கள்கிழமை ஆனது.

புதன்கிழமை காலை, தங்கை வீட்டுக்காரரை ரயில் ஏற்றிவிட எங்கள் ஊரை ஒட்டிய ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனேன். எதிர்ப்பக்கம் திருப்பதி போகும் ரயில் வந்து நின்றது. ஜன்னலில் அந்தப் பெண்மணி. என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் சிரித்தார், மடியில் இருந்த பையிலிருந்து கையை எடுத்துக் கொஞ்சம் தூக்கினார். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. திரும்பி, சுவரில் இருந்த கால அட்டவணைப் பலகையைப் படிக்க ஆரம்பித்தேன். புத்தூர், ரேணிகுண்டா, எல்லா ஊரையும் படித்தேன். ரயில் போன சத்தம் கேட்கும் வரைக்கும் திரும்பவில்லை. தங்கை வீட்டுக்காரர், “மாமா, நம்ம வண்டி அதுல இல்ல. நீ படிக்கறது போன வருஷத்து பலகை,” என்றார்.

மறுநாள் வியாழன். மத்தியானம் பார்த்தேன். தேதி திங்களிலேயே இருந்தது. நாலு மணிக்குப் பார்த்தேன். திங்கள்தான். வெள்ளி, சனி. திங்கள்தான்.

யார் மேல் தப்பு? சிரித்த முகத்துக்கு முதுகைக் காட்டினவன் நான். ஏழெட்டு மாதம் வாராவாரம் தொட்டவர் அந்த வாரம் தொடவில்லை என்றால் அதற்கு அர்த்தம் வேறென்ன இருக்க முடியும்? அடுத்த திங்கள் வந்தது. சேமிக்கலாம் என்று கை போயிற்று. வேண்டாமென்று விட்டவர் முன்னால் போய் நிற்கிறமாதிரி இருக்குமோ என்று கையை எடுத்துவிட்டேன். அந்த வாரம் வியாழனும் தேதி மாறவில்லை.

அந்த நாட்களில் நான் வேலை செய்த லட்சணத்துக்கு ஒரு கரையைத் தலைகீழாக ஏற்றியிருந்தேன், ஒரு முழம் ஓடிய பிறகுதான் தெரிந்தது. தறி ஓட்டுகிற அக்கா துணியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். “அண்ணே, மாங்கா மரத்துல தலகீழா தொங்கறது நாயம். பொடவையில ஏன் தொங்குது?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதினான்காவது நாள் வந்துவிட்டது. திங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெருக்கிவிடும். காலையில் எழுந்ததிலிருந்து அந்த மூக்குதான் கண்ணில் நின்றது. வாசலுக்கு வந்தால் நிஜ மலையும் நிற்கிறது. அவருக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும், அவர் வரைந்தது போகக் கூடாது என்று தோன்றியது. கொட்டகைக்குப் போய், கம்ப்யூட்டரைத் திறந்து, சேமித்தேன்.

தேதி மாறவில்லை.

மறுபடி சேமித்தேன். பழைய திங்கள்கிழமைதான். மூன்றாவது தடவையும் அதேதான். கொஞ்ச நேரம் விளங்கவில்லை. அப்புறம் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குக் கணக்குப் புரிகிறமாதிரிப் புரிந்தது. நான் சேமித்தே தேதி ஏறவில்லை என்றால், அவர் சேமித்திருந்தாலும் ஏறியிருக்காது.

சித்தூர்க்காரருக்கு போன் போட்டேன். ஏதோ பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தார், பின்னால் ஒரே பிள்ளைகள் சத்தம்.

“தேதி ஏறலயா? ஒக்க நிமிஷம்ணா.” கொஞ்சம் யோசித்தார். “முன்னாடி நீ சேவ் பண்ற ஒவ்வொரு தபாவும் அது போய் டிஸ்க்குல தேதிய மாத்தும். ஒரு பொடவை டிசைன நூறு துண்டா வெச்சிருக்கு, நூறுக்கும் தேதி. அதான் லேட்டு. புதுசுல இன்னா பண்ணேன்னா, ‘இதுக்கு ஒரு தபா தேதி போட்டாச்சு’ன்னு அது மனசுல வெச்சிக்கும். மறுபடி வந்தா டிஸ்க்க தொடவே தொடாது. அதான் ஜெட்டு வேகம்.”

“எத்தினி நாளைக்கி மனசுல வெச்சிக்கும்?”

“மிஷின ஆஃப் பண்ற வரைக்கும்.”

“எப்ப ஆஃப் பண்ணுவாங்க?”

“எங்க பண்றாங்க? நான்தான் யூபிஎஸ் போட்டுக் குடுத்துட்டேனே, வருஷம் பூரா ஓடும்…” சட்டென்று நின்றார். “அய்யய்யோ. அப்போ அந்த ஞாபகம் போகவே போகாதா? தப்பு என்னுதேண்ணா. இப்ப என்னால வர முடியாது. நீ ஒண்ணு பண்ணு. திருப்பதியில அந்த மிஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு சேவ் பண்ணச் சொல்லு, ஏறிடும். அங்க மேடம் இருக்காங்க கதா? போன் பண்ணு.” பிறகு, “அவ்ளோ முக்கியமான டிசைனா? பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துக்கயேன்,” என்றார்.

பென்டிரைவில் எடுத்தும் வைத்தேன். ஆனால் என் சட்டைப்பையில் கிடக்கிற மலை எனக்கு மட்டும்தான். அதன் மேல் வியாழக்கிழமை வராது. ஆறு மணிக்குக் கிட்டங்கியில் மலை இல்லாமல் போனால், நாளைக்குக் காலையில் அவர் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்றுதானே நினைப்பார்?

அவர் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை என்றதும், சொல்ல வெட்கம், தப்பித்தோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றினேன்.

“எங்கடா போற, தலைய வேற வாரிக்கினு?” என்றார் நைனா.

“திருப்பதிக்கி. மிஷின ஆஃப் பண்ணணும்.”

“துன்னுட்டுப் போ.”

“வந்து துன்றேன்.”

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மிஷின் நல்லா இருக்கட்டும்,” என்றார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை நான்கு வாக்கியமாகத் தயார் செய்தேன். புத்தூர் வரும்போது மூன்றானது. திருப்பதி ஆபீஸ் படியேறும்போது மணி நாலரை. முதலாளி பலமனேர் போயிருந்தார். அந்தப் பெண்மணி மட்டும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“நீங்களா? தறி எதனா நின்னுபோச்சா?”

“இல்லீங்க. தறி ஓடுது.”

“பின்ன?”

மூன்று வாக்கியமும் போன இடம் தெரியவில்லை. “மிஷின ஆஃப் பண்ணணுங்க,” என்றேன்.

“அதுக்கா நகரியில இருந்து வந்தீங்க?”

“ஆமாங்க. போன் பண்ணேன்.”

“பாத்தேன். கை தவறிப் போட்டுட்டாருன்னு நெனச்சேன்.” குரலில் ஒரு விறைப்பு இருந்தது. உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி பேசினார். “ரெண்டு வாரமா வியாழக்கிழமை நானும் சேவ் பண்ணிக்கினுதான் இருக்கேன். தேதி ஏற மாட்டேங்குது. சரி, நம்ம கை படக்கூடாதுன்னு இவுரு எதையோ பூட்டிட்டாருன்னு விட்டுட்டேன். ஸ்டேஷன்ல போர்டைப் பாத்துக்கினு நின்னவருதானே.”

மலையைப் பற்றி எங்களில் ஒருவர் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு வியாழனும் அவர் சேமித்திருக்கிறார்.

“எனக்குப் பூட்டத் தெரியாதுங்க,” என்றேன். பிறகு சித்தூர்க்காரர் சொன்னதை ஒரு மாதிரி சொல்லி முடித்தேன். ஒரு தடவை தேதி போட்டதை ஞாபகம் வைத்துக்கொள்வது, மறுபடி வந்தால் தொடாமல் விடுவது, அணைக்காத கம்ப்யூட்டர். அதோடு, கேட்காமலேயே, “ஸ்டேஷன்ல வேணும்னு பண்ணலீங்க. எனக்கு அப்பிடித்தான் வரும். பயம்,” என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. “மிஷினுக்கும் உங்களுக்கும் ஒரே புத்தி,” என்றார். “ஒரு தபா பாத்தாச்சின்னா அப்புறம் திரும்பிப் பாக்கறதே இல்ல.”

மூலையில் இருந்த பெட்டியை அவரே போய் அணைத்தார். விசிறிச் சத்தம் நின்றதும் அறை ரொம்ப அமைதியாகிவிட்டது. மறுபடி போட்டார். அது முழித்து எழுந்துவர நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். எலுமிச்சைச் சாதம், மீதி பாதி. “துன்னாம வந்திருப்பீங்க. மூஞ்சிய பாத்தாலே தெரியுது.” நான் சாப்பிட்டேன். மணி ஐந்தேகால்.

திரை வந்தது. பட்டியலைத் திறந்து, மலையைத் திறந்து, ஒன்றையும் மாற்றாமல் சேமித்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

“ஏறிச்சி,” என்றார்.

பழைய திங்கள் போய் அன்றைய திங்கள் வந்திருந்தது. இன்னும் இரண்டு வாரத்துக்கு அதற்கு ஒன்றும் ஆகாது. நான் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தேன். வந்த வேலை முடிந்துவிட்டது, போக வேண்டியதுதான். ஆனால் அவர் திரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இப்பிடியே எத்தினி நாளு தொட்டுக்கினே இருக்கறது?” என்றார், என்னைப் பார்க்காமல்.

தறி ஓடவில்லை. சத்தம் எதுவும் இல்லை. நான் சொல்வது கேட்கத்தான் போகிறது. “ஆர்டர் போட்டுடலாமுங்க,” என்றேன்.

“யாரு ஆர்டரு?”

“என்னுது.”

அவர் புது ஆர்டர் பக்கத்தைத் திறந்தார். வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில், என்னைக் கேட்காமலே என் பெயரை முழுசாக, இனிஷியலோடு அடித்தார். ஊர், நகரி. எத்தனை புடவை, ஒன்று. அடுத்த கட்டம் நிறம்.

“இன்னா கலரு?”

“நீங்க சொல்லுங்க.”

“கஸ்டமர்தான் சொல்லணும்.”

“இல்லீங்க,” என்றேன். “கட்டிக்கப்போறவங்க சொல்லட்டும்.”

நானா அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன். அவருடைய விரல் சாவிப்பலகை மேல் அப்படியே நின்றது. வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கழுத்துக்குப் பின்னால் ஒரு முடி பிரிந்திருந்தது, அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். “எங்கண்ணன் கேட்டா நகரியில இருந்து யாரு வந்து சொல்றது? போர்டைப் பாத்துக்கினு நிப்பீங்களா?” என்றார்.

“நைனாவைக் கூட்டிக்கினு வரேன்.”

“அப்ப கரும்பச்சை,” என்றார். அடித்தார். ‘மேகத்துக்கு வெள்ளை’ என்று குறிப்பில் சேர்த்தார். ஆர்டர் நம்பர் விழுந்தது. சேராதவைப் பட்டியலில் அந்த வரி மறைந்துபோயிற்று.

ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் பெருக்கியபோது நான் பஸ்ஸில் இருந்தேன். அதற்கப்புறம் அந்த டிசைனை யாரும் சேமிக்க வேண்டியிருக்கவில்லை. சித்தூர்க்காரர் அந்த வாரமே வந்து, ஒரு நாளைக்கு மேல் ஞாபகம் வைக்காதபடி ப்ரோகிராமை மாற்றினார். ஆனாலும் வியாழக்கிழமை மத்தியானம் பழக்கத்தில் கை போய்ப் பட்டியலைத் திறக்கும். மலை இப்போது ஆர்டர்களோடு இருக்கிறது. தேதி அந்தத் திங்கள்கிழமையிலேயே நிற்கிறது. நிற்கட்டும்.

மறுநாள் நைனாவிடம் சொன்னேன். அதற்கும் மறுநாள், புதன்கிழமை, யாரையும் ஏற்றிவிட வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் காலையில் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய், கால அட்டவணைப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றேன்.